பூமிக்குக் குடை பிடிக்கும் உரிமை யாருக்கு?

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வாழும் நம் குடும்பங்களுக்குப் புகைபோக்கி புதிதன்று. 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் உள்ள வடசென்னை நிலையம் இன்றும் நிலக்கரியை எரிக்கிறது. அப்புகையிலுள்ள கந்தக வாயு மார்புக்குத் தீங்கானது என்பதை நாம் அறிவோம். அதே கந்தகத்தை மேல்வானில் தூவிப் பூமியைக் குளிர்விக்கலாம் என்று விஞ்ஞானிகள் சிலர் கூறுகின்றனர்.

இது வெறுங்கற்பனையன்று. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டன் கந்தக வாயு மேல்வானை அடைந்தது. அது நுண்துளிகளாகிப் பூமிக்குக் குடைபோல் விரிந்து, கதிரொளியில் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பியது. உலகின் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி தணிந்தது. எரிமலை செய்ததை விமானங்களைக் கொண்டு செய்யலாம் என்பதே திட்டம்.

ஆனால் குடை பிடிப்பதால் நோய் தீராது. கரியமில வாயு குறையாது. கடல்நீர் அமிலத்தன்மை அடைவதும் நில்லாது. தூவுவதைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த வெப்பம் விரைந்து திரும்பும். ஓர் அரைக்கோளத்தில் மட்டும் தூவினால் மழை பெய்யும் இடங்களே மாறக்கூடும் என்று ஆய்வுகள் எச்சரிக்கின்றன. பருவமழையை நம்பி வாழும் நமக்கு இது சிறிய செய்தியா?

இதற்கு அனுமதி அளிப்பவர் யார்? 1976-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, இயற்கையைப் போர்க்கருவியாக்குவதைத் தடுக்கிறது. இந்தியாவும் அதில் சேர்ந்துள்ளது. ஆனால் நன்மைக்கென்று செய்வதை அது தடுக்கவில்லை. 2019-இல் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில் சுவிட்சர்லாந்து இதுபற்றிய ஆய்வறிக்கையைக் கோரியது. அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் எதிர்த்தன. 2024-இலும் இணக்கம் ஏற்படவில்லை. இதற்கிடையே 2022-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் மெக்சிகோவில் கந்தகப் பலூன்களைப் பறக்கவிட்டது. செய்தி வெளியான பின்னரே, 2023 ஜனவரியில், அந்நாடு தடையை அறிவித்தது.

பிறர் முடிவின் சுமையை நம் பகுதி ஏற்கெனவே அறியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. ஆலைகளுக்கு இடம் குறித்தவர்கள் வேறு. கறைபடிந்த வலையைக் கையில் ஏந்தி நின்றவர்கள் வேறு. வானத்துக்கும் அக்கதி நேரலாகாது.

வல்லரசுகளின் அவையில் காசிமேட்டு மீனவரின் குரலும் ஒலிக்க வேண்டுமெனில், முதலில் நம் இல்லங்களில் இதைப் பற்றிப் பேசுவோம். அறியாதவரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை அல்லவா?