கேம் செய்ய எந்தப் பட்டம்?
பட்டமும் பிழைப்பும் – தொடர்

சென்ற இதழில் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் வேறு கடல். கடலூர், சிதம்பரம் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளிடம் என்ன படிக்க ஆசை என்று கேட்டால், "கேம் டிசைன்" என்ற பதில் இப்போது அடிக்கடி வருகிறது. பெற்றோர் முகம் வாடிவிடுகிறது. ஃபோனைப் பிடுங்கி வைத்தும் தீராத பழக்கத்துக்குப் பட்டம் வேறா என்பது அவர்கள் கவலை. ஆனால், விளையாடுவது வேறு, விளையாட்டைச் செய்வது வேறு. செய்வதில் நிறையக் கணக்கு இருக்கிறது.

ஒரு பாத்திரம் பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கிறது என்று வையுங்கள். திரை நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. ஒவ்வொரு முறையும் பாத்திரத்தின் வேகத்தில் ஈர்ப்பைக் கழித்து, வந்த வேகத்தால் இடத்தை மாற்ற வேண்டும். இது பிளஸ் ஒன் இயற்பியல் பாடம்தான். கோடோ என்ற இலவச மென்பொருளில் இருபரிமாண ஈர்ப்பின் இயல்பு மதிப்பு 980. நம் பாடப்புத்தகத்து 9.8-இன் நூறு மடங்கு. ஆனால் அந்த எண்ணை அப்படியே விட்டால் குதிப்பு பலூன் இறங்குவதுபோல் மந்தமாகத் தோன்றலாம். அதனால் ஏறும்போது ஒரு ஈர்ப்பு, இறங்கும்போது அதைவிடக் கூடுதல் ஈர்ப்பு என்று வைப்பார்கள். எதிரி நம்மைப் பார்த்துவிட்டானா என்று முடிவு செய்ய வெக்டர்களின் புள்ளிப் பெருக்கம்; பாத்திரத்தைச் சுழற்ற அணிகள். பொதுத்தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்த பாடங்கள் இங்கே நாள்தோறும் கைக்கு வரும்.

ஆகவே நிரல் எழுதும் பக்கம் போக விரும்புபவருக்கு என் பதில் நேரடியானது: பி.இ. கணினி அறிவியல். வசதி இல்லையென்றால் பி.எஸ்சி. கணினி அறிவியலோ கணிதமோ போதும். இதற்காகக் கடன் வாங்கித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்திலேயே இருக்கிறது. 2013-இல் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கடலூரில் பெரியார் அரசு கலைக் கல்லூரி உண்டு. விளம்பரத்தில் "கேமிங்" என்ற சொல் இருக்கிறதே என்று பல லட்சம் கட்டிச் சேர வேண்டாம். முதலில் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அதில் தரவுக் கட்டமைப்பும் நேரியல் இயற்கணிதமும் இல்லையென்றால் திரும்பிவிடுங்கள்.

வரையத் தெரிந்த பிள்ளைக்கு வழி வேறு. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி சிதம்பரத்திலிருந்து ரயிலில் எட்டும் தூரம்தான். சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸுக்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. அதற்கு முன்னால், நோட்டும் பென்சிலுமாக நடராசர் கோயில் கிழக்குக் கோபுர வாயிலில் போய் நில்லுங்கள். நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்கள் அங்கே சுவரில் இருக்கின்றன. உடம்பின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது, கை அதற்கு எப்படி ஈடு கொடுக்கிறது என்று ஒவ்வொன்றாக வரைந்து பாருங்கள். அனிமேஷன் வகுப்பில் முதல் ஆண்டு முழுக்கச் சொல்லித்தருவதும் இந்தப் பார்வையைத்தான்.

வேலை எங்கே? கடலூரில் இல்லை, இதை மறைத்துப் பயனில்லை. பெங்களூரு, ஹைதராபாத், புனே போக வேண்டும். 1997-இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் என்ற கேம் நிறுவனத்தை 2019-இல் ராக்ஸ்டார் நிறுவனம் வாங்கிக்கொண்டது. புனேயில் யூபிசாஃப்ட் கேம் நிறுவனத்தின் கிளை இருக்கிறது. பெங்களூரு தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் முதுநிலைப் படிப்பு உண்டு, பி.இ. முடித்துவிட்டு நுழைவுத் தேர்வு எழுதலாம்.

இந்தத் தொழில் அடிக்கடி ஆட்டம் காணும். 2025 தொடக்கத்தில் விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்த டெக்னிகலர் குழுமம் நொடித்தபோது, பெங்களூரில் அதை நம்பியிருந்த கலைஞர்கள் வேலையிழந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. அவற்றை நடத்திய நிறுவனங்களிலும் ஆட்குறைப்பு நடந்தது. கணினி அறிவியல் பட்டம் கையில் இருந்தால் வங்கி மென்பொருளுக்கோ மருத்துவ மென்பொருளுக்கோ மாறிக்கொள்ளலாம். "கேமிங் பட்டம்" மட்டும் இருந்தால் அந்தக் கதவு அவ்வளவு எளிதில் திறக்காது. பட்டம் அகலமாக இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அப்படியானால் கேம் எங்கே கற்பது? செய்துதான். 2023-இல் வெளியான 'வெண்பா' என்ற விளையாட்டைத் தேடிப் பாருங்கள். டொரண்டோவின் சிறிய குழு ஒன்று செய்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பை ஊகித்து இட்லி ஊற்றுவதுதான் அதன் முதல் புதிர். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக விளையாட்டு விருதை அது வென்றது. நம் அடுப்பங்கரையிலும் உலகம் விளையாட விரும்பும் விஷயம் இருக்கிறது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் வாய்க்கால்களில் வழி தேடும் ஒரு படகு விளையாட்டை நம் பிள்ளைகளில் ஒருவர் செய்ய மாட்டாரா?

நேர்காணலில் மதிப்பெண் பட்டியலோடு, நீங்களே செய்ததைக் காட்டச் சொல்வார்கள். பாதியில் நிற்கும் பத்து விளையாட்டுகளைவிட, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரே ஒரு ஐந்து நிமிட விளையாட்டு மேல். கோடோவும், முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருளும் இலவசம். கல்லூரி திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், பிள்ளைகளே. விண்ணப்பம் போட்ட கையோடு ஆரம்பித்துவிடுங்கள். பெற்றோரே, அவர்கள் கணினியைப் பிடுங்கி வைக்காதீர்கள்.

(தொடரும்)