நிர்ப்பீடனக் கலங்களின் தொழிற்பிரிவு

2020 ஒக்டோபரில் பேலியகொடை மத்திய மீன்சந்தையில் கொவிட்-19 தொற்று வெளிப்பட்டதைத் தொடர்ந்து அச்சந்தை மூடப்பட்டது. சில நாட்களுள் களனி கங்கைக்குத் தெற்கே கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி ஆகிய பகுதிகளிலும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அக்கொத்தணியில் தொற்றுக்குள்ளானோருட் பலருக்கு நோய்க்குறிகளே தோன்றவில்லை; சிலர் காய்ச்சலுற்றுத் தேறினர்; வேறு சிலர் உயிரிழந்தனர். ஒரே வைரசு வெவ்வேறு உடல்களில் இவ்வாறு வேறுபட்ட விளைவுகளைத் தோற்றுவித்தது ஏன்?

'நோயெதிர்ப்புச் சக்தி கூடியவர் பிழைத்தார், குறைந்தவர் மாண்டார்' என்பதே பொதுவாகக் கூறப்படும் விடை. அச்சக்தி பருகிப் பெருக்கத்தக்க ஒரு பொருள் என்னும் எண்ணமும் இதனோடு சேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில், தொற்றைத் தடுக்கும் எனக் கூறப்பட்ட பாணியொன்றைப் பெறக் கேகாலை மாவட்டத்தில் பல்லாயிரவர் நெருக்கியடித்துத் திரண்டமைக்கு இவ்வெண்ணமே அடிப்படை. உண்மையில் நிர்ப்பீடனம் என்பது ஒரு தனிப்பொருளன்று. தொழிலால் வேறுபட்ட பல்வகைக் கலங்களின் கூட்டுழைப்பே அது.

இக்கலங்கள் பெரும்பாலும் என்பு மச்சையிலுள்ள மூலக்கலங்களிலிருந்து தோன்றுவன. வளர்ந்த ஒருவரின் ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரையான வெண்குழியங்கள் உள. இவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை நடுநிலைநாடிகளாகும். காயமுற்ற இடத்தை முதலிற் சென்றடைந்து பற்றீரியாக்களை விழுங்கி மடிவன இவையே. சீழ் என நாம் காண்பது பெரும்பாலும் இவற்றின் எச்சமாகும். ஒற்றைக்குழியங்கள் குருதியை விட்டு இழையங்களுட் புகுந்து பெருந்தின்கலங்களாக மாறிக் கிருமிகளையும் சிதைந்த கலங்களையும் அகற்றுகின்றன. கலங்கள் கிருமிகளை விழுங்கும் இத்தொழிலின் அடிப்படையை 1882இல் நட்சத்திரமீன் குடம்பிகளை ஆராய்ந்து எடுத்துக்காட்டியவர் மெச்னிக்கோவ். இயோசின்நாடிகள் புழுக்களுக்கு எதிராகச் செயற்படுவன. இயற்கைக் கொல்கலங்கள் வைரசு புகுந்த கலங்களை அழிப்பன.

மேற்கூறியவை கிருமி எதுவாயினும் உடனடியாக எதிர்ப்பன. குறித்ததொரு கிருமியை இனங்கண்டு நினைவிற் கொள்வன நிணநீர்க்குழியங்கள். இவ்விரு பிரிவுகளையும் இணைப்பவை கிளைக்கலங்கள். அவை கிருமியின் துணுக்குகளை நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுசென்று அங்குள்ள ரீ-குழியங்களுக்குக் காட்டுகின்றன. ரீ-குழியங்களுள் உதவுவன ஏனைய கலங்களைத் தூண்டுகின்றன. கொல்வன தொற்றுற்ற கலங்களை அழிக்கின்றன. பீ-குழியங்களோ பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் கலங்களாக மாறுகின்றன. பிறபொருளெதிரி கலத்துக்கு வெளியே உள்ள வைரசைத் தடுக்கும்; கலத்துள் ஏற்கெனவே புகுந்துவிட்டதை ஒழிக்கக் கொல்லும் ரீ-குழியமே வேண்டும். ஆகவே ஒன்றின் தொழிலை மற்றொன்று முற்றாக ஈடுசெய்ய இயலாது.

தாக்குவதைப் போலவே அடங்குவதும் நிர்ப்பீடனத்தின் இன்றியமையாத தொழிலாகும். சீராக்கும் ரீ-குழியங்கள் ஏனையவற்றைக் கட்டுப்படுத்தி, உடல் தன்னைத் தானே தாக்காது காக்கின்றன. இத்துறை ஆய்வுக்காகவே சக்காகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் ஆகியோர் 2025இல் நோபெல் பரிசு பெற்றனர். கடுமையான கொவிட் நோயில் நுரையீரலைச் சிதைத்தது வைரசு மட்டுமன்று, கட்டுமீறிய அழற்சியுமாகும். நிர்ப்பீடனத் துலங்கலைத் தணிக்கும் டெக்சாமெதசோன் என்னும் மருந்து, ஒட்சிசன் தேவைப்பட்ட நோயாளரிடையே இறப்பைக் குறைத்தமை 2020இல் நிறுவப்பட்டது. 'சக்தியைப் பெருக்குதலே' தீர்வாயின், அதனை அடக்கும் மருந்து உயிர்காத்தது எங்ஙனம்? பாணியை நாடியோர் எழுப்பாத வினா இது.

தடுப்பூசியின் வழி வேறானது. அது பொதுவான சக்தி எதனையும் ஊட்டுவதில்லை. குறித்த கிருமிக்குரிய நினைவுக் கலங்களை நோயின்றியே தோற்றுவிக்கிறது. இலங்கையில் கொவிட் தடுப்பூசி வழங்கல் 2021 சனவரி 29இல் ஆரம்பமாயிற்று. முதியோர் முதலிற் காக்கப்பட வேண்டியமைக்கு ஒரு காரணமும் இக்கலங்களிலேயே உண்டு: ரீ-குழியங்கள் முதிரும் தைமஸ் சுரப்பி வயதேற ஒடுங்குவதால், புதிய கிருமியை இனங்காணவல்ல குழியங்கள் குறைகின்றன.

முதுமை மட்டுமன்றிப் பசியும் தைமஸ் சுரப்பியை ஒடுக்கவல்லது. கடும் புரதக் குறைபாடுற்ற குழந்தைகளில் இச்சுரப்பி சுருங்கி ரீ-குழியங்கள் குறைவது மருத்துவம் நன்கறிந்த உண்மை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. மீனும் முட்டையும் வறிய குடும்பங்களின் உணவிலிருந்து விலகின. மேலும், நெருக்கமான குடியிருப்பில் ஓரறையிற் பலர் உறங்கும்போது ஒருவரின் தொற்று ஏனையோரை எளிதில் அடைகிறது. கலங்களின் தொழில் உடலினுள் நிகழ்வதாயினும், அத்தொழில் செவ்வனே நடைபெறுவதற்கான நிபந்தனைகளுட் பல உடலுக்கு வெளியே, உணவிலும் உறையுளிலும் பொதுச் சுகாதாரத்திலும் உள்ளன. அவற்றைப் புட்டியிலடைத்து விற்க இயலாது; சமூகமே அவற்றை உறுதிப்படுத்துதல் வேண்டும்.