முதல் ஆறு மணி நேரம்... குட்டியின் ஆயுளைத் தீர்மானிக்கும் சீம்பால்!

மரக்காணம் உப்பளங்களில் கண்ணால் மட்டும் பார்த்து உப்பு எடுப்பதில்லை. பாத்தியில் நிற்கும் நீரில் மிதவைக் குழாயை விட்டு ‘டிகிரி’ பார்ப்பார்கள். அது சுமார் 25-ஐத் தொட்டால் உப்பு பூக்கத் தொடங்கும். அதே உப்பளத் தொழிலாளர் வீட்டுக் கொட்டகையில் ஆடு குட்டி போட்டால், அங்கேயும் ஓர் அளவு பார்க்க வேண்டியிருக்கிறது. அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் கைகொடுப்பவை வீட்டிலிருக்கும் நாலைந்து வெள்ளாடுகள்தான். ஈரமும் குளிருமான அதே நாள்களில்தான் இளங்குட்டிகள் கழிச்சலிலும் சளியிலும் சுருண்டு விழும். ‘நேத்து துள்ளிக்கிட்டு இருந்துச்சே...’ என்று அங்கலாய்ப்பதில் பயனில்லை. பல நேரங்களில், பிறந்த முதல் நாளிலேயே அந்தக் குட்டியின் கதை முடிவாகிவிடுகிறது.

வெறுங்கையோடு பிறக்கும் குட்டி

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகவே வந்துவிடும். ஆட்டின் நஞ்சுக்கொடி அவற்றை உள்ளே விடாது. ஆகவே, குட்டி பிறக்கும்போது அதன் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி ஏறக்குறைய இல்லை. அது கிடைக்கும் ஒரே வழி சீம்பால். பாலூட்டும் தாயிடமிருந்து குட்டிக்கு எதிர்ப்பு சக்தி போகிறது என்பதை, ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் 1892-லேயே எலிகளை வைத்து நிரூபித்தார்.

ஆனால், இதற்குக் கெடு உண்டு. குட்டியின் குடல் இந்தப் புரதங்களை முழுசாக உறிஞ்சுவது பிறந்த முதல் சில மணி நேரங்களில்தான். நேரம் ஆக ஆக அந்தக் கதவு மூடிக்கொண்டே வந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய சாத்திவிடும். ‘நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் ஊட்டலாம்’ என்று காத்திருப்பதும், ‘கெட்டிப் பால் வயிற்றுக்கு ஆகாது’ என்று பீய்ச்சிக் கொட்டுவதும் குட்டிக்கு எமனாவது இதனால்தான். விடியும் முன்னே உப்பளத்துக்குக் கிளம்பும் வீடுகளில், ஆள் இல்லாத நேரத்தில் ஆடு குட்டி போட்டாலும் இதே ஆபத்துதான்.

எப்படி அளப்பது?

சீம்பாலின் தரம் பார்க்கவும் உப்பளத்துக் குழாய் போலவே மிதவைக் கருவி உண்டு. எதிர்ப்புப் புரதம் கூடக்கூடப் பால் அடர்த்தியாகும், கருவி மேலே மிதக்கும். ஆனால், அதற்குக் குவளை நிறையப் பால் வேண்டும். குட்டியின் பங்கையே பிடுங்கியதாகிவிடும். ஆட்டுக்கு ஏற்றது பிரிக்ஸ் ரிஃப்ராக்டோமீட்டர். இறால் பண்ணைகளில் நீரின் உப்பைப் பார்க்கும் கருவிக்கு உடன்பிறப்பு. இரண்டு சொட்டு போதும். 20-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ காட்டினால் நல்ல சீம்பால்.

பால் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? அது குட்டியின் ரத்தத்தில் சேர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குப் பின், ஒரு வாரத்துக்குள் கால்நடை மருத்துவர் குட்டியின் ரத்தம் எடுத்து, அதிலிருந்து பிரியும் தெளிநீரின் மொத்தப் புரதத்தை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்ப்பார். துத்தநாக சல்பேட் கரைசலில் அந்தத் தெளிநீரைக் கலந்து பார்ப்பது இன்னொரு முறை. நன்றாகக் கலங்கினால் எதிர்ப்புப் புரதம் இருக்கிறது. தெளிவாகவே நின்றால் குட்டி ஏமாந்துவிட்டது என்று பொருள். கழிச்சலில் நீர்ச்சத்து வற்றிய குட்டிக்குப் புரத அளவு பொய்யாகக் கூடித் தெரியும். அதனால்தான் எண்ணை மட்டும் நம்பாமல், குட்டியையும் பார்த்துச் சொல்ல மருத்துவர் வேண்டும்.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

• பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து மடியைத் தேட வேண்டும். முதலில் காம்பைப் பீய்ச்சி அடைப்பை எடுத்துவிடுங்கள்.

• எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால், முதல் நாளுக்குள். 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி. அதில் பாதியாவது முதல் ஆறு மணி நேரத்துக்குள்.

• வயிறு ஒட்டியிருந்தாலோ, வாய்க்குள் விரல் வைத்தால் சில்லென்று இருந்தாலோ குட்டி குடிக்கவில்லை என்று அர்த்தம். முதலில் உடம்பைச் சூடாக்கி, பிறகு ஊட்டுங்கள்.

• மூன்று குட்டி போட்டால், நோஞ்சானைத்தான் மற்றவை தள்ளிவிடும். அதை முதலில் பிடித்து ஊட்டுங்கள்.

• தாய்க்குப் பால் இல்லையென்றால், அன்று குட்டி போட்ட வேறோர் ஆட்டின் சீம்பால் கொடுக்கலாம். உறைய வைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் வைத்துக் கரையுங்கள். கொதிக்க வைத்தால் புரதம் கெட்டுவிடும்.

• சினை ஆட்டுக்குப் பிரசவத்துக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு துள்ளுமாரி, டெட்டனஸ் தடுப்பூசி போட்டால், அந்தப் பாதுகாப்பு சீம்பால் வழியே குட்டிக்கும் சேரும்.

குட்டி துவண்டால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும். ஆனால், முதல் ஆறு மணி நேரத்தில் குட்டிக்குப் பக்கத்தில் இருக்கப்போவது வீட்டு மனிதர்தான். உப்பு பூக்கும் நேரத்தைத் தவறவிடாத கண்களுக்கு, மடியில் சீம்பால் சுரக்கும் நேரத்தைப் பிடிப்பதா கஷ்டம்?