பெற்றோருக்கு மறதிநோய் தொடங்கும்போது

மறதிநோய் அல்லது டிமென்ஷியா என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. நினைவு, மொழி, திட்டமிடல், இடவுணர்வு ஆகியவை அன்றாட வாழ்க்கைக்கு இடையூறாகும் அளவுக்குக் குறைந்துபோகும் நிலைக்கான பொதுப்பெயர். இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த அல்சைமர் நோய்.

வயதானால் மறதி வரத்தானே செய்யும் என்று நம் வீடுகளில் இதைத் தள்ளிப்போடுகிறோம். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது இயல்புதான். ஒருவர் பெயர் சட்டென வராமல் அரைமணி கழித்து நினைவுக்கு வருவதும் இயல்பே. ஆனால் போன வாரம் கல்யாணத்துக்குப் போய்வந்ததே நினைவில் இல்லை என்றால் கவனிக்க வேண்டும். காலமெல்லாம் வைத்த குழம்பில் அடுத்து என்ன போடுவது என்று அம்மா தடுமாறுவதும், பழகிய தெருவில் அப்பா வழி தெரியாமல் நிற்பதும், தாமே ஒளித்து வைத்த நகையை வேலை செய்பவர் எடுத்துவிட்டதாகப் பழி சொல்வதும் அத்தகைய அறிகுறிகளே. பழைய கதைகளைத் துல்லியமாகச் சொல்கிறாரே என்று ஏமாந்துவிடக் கூடாது. அல்சைமர் நோய் பொதுவாக முதலில் தாக்குவது புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் பகுதியை. பழையவை நெடுநாள் தங்கும்.

மருத்துவரிடம் விரைவில் காட்டுவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டதால் ஏற்படும் இரத்தக்கட்டு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியும். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் வந்தால் சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ காரணமாகலாம். தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அல்சைமர் என்று உறுதியானால் டோனெபெசில் போன்ற மாத்திரைகள் அறிகுறிகளைச் சிலகாலம் தணிக்கக்கூடும், குணப்படுத்த மாட்டா.

பலரும் கோட்டைவிடுவது பண விவகாரத்தில்தான். அப்பாவிடம் அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201இன்படி, அதிகாரம் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் பத்திரம் கைகொடுக்காது. நீதிமன்றம் போக வேண்டிவரும். ஆகவே கூட்டு வங்கிக் கணக்கு, வாரிசு நியமனம், உயில் ஆகியவற்றை அவருக்குத் தெளிவு இருக்கும்போதே முடிக்க வேண்டும். மறதிநோய் என்று சொல்லப்பட்ட உடனேயே ஒருவர் உயில் எழுதும் தகுதியை இழந்துவிடுவதில்லை. எழுதும்போது அதன் பொருளை அவர் உணர்ந்திருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். மருத்துவரின் சான்று ஒன்றும் இருந்தால் பின்னாளில் வழக்கு வந்தாலும் உதவும். இதையெல்லாம் பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் கூடிப் பேசி முடிப்பது நியாயமன்று. அவர் விருப்பத்தைக் கேட்டறியக் கிடைத்திருக்கும் காலம் இதுதான். எதிர்காலச் சிகிச்சை, யாருடன் வசிப்பது என்பவற்றையும் இப்போதே கேட்டுவிடலாம்.

வீட்டில் கடினமானது பேச்சு. "இப்பத்தானே சொன்னேன்" என்பதால் அவருக்கு எதுவும் நினைவுக்கு வராது. அவமானம் மட்டும் மிஞ்சும். சொல்லை மறந்தாலும் அது தந்த வருத்தம் அவரிடம் நீடிக்கலாம். பத்தாவது முறை கேட்டாலும் சுருக்கமாகப் பதில் சொல்லி வேறு பேச்சுக்குத் திருப்புவது நல்லது. நகை காணவில்லை என்றால் வாதாடாமல் சேர்ந்து தேடலாம். அடுப்பைப் பறிப்பதைவிட, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு அவரையே தாளிக்கச் சொல்லலாம். தானாக அணையும் மின் அடுப்பும் உதவும். வெளியே போகும்போது சட்டைப்பையில் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

பராமரிப்பு பெரும்பாலும் ஒரு மகள் அல்லது மருமகள் தலையில் விழுகிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பினால் மட்டும் போதாது. ஆண்டில் சில வாரங்களாவது வந்து தங்கி, பார்த்துக்கொள்பவரை இரவில் தூங்கவிட வேண்டும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.