ஆவியை அடக்கக் காற்றா, தண்ணீரா?

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை வீட்டிலேயே எடுக்க முடியுமா? முடியும். தண்ணீரைக் கொதிக்க வைக்க அடுப்பும் பாத்திரமும் போதும். எழுந்த ஆவியைத் திரும்பத் தண்ணீராக்குவதில்தான் எல்லா வேலையும் இருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் குழாய்க்குக் கண்டென்சர் என்று பெயர். அதைச் சுற்றிக் காற்றை ஓடவிடுவதா, தண்ணீரை ஓடவிடுவதா என்பதுதான் வாலை, அதாவது காய்ச்சி வடிக்கும் கருவி, அமைக்கிற எவரும் முதலில் முடிவுசெய்ய வேண்டியது.

வாலை நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் ஓமத் தீநீரும் சோம்புத் தீநீரும் வாலையில் இறக்கியவைதான். ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் சாராயம் காய்ச்சுவது தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அதன் ஆவி எளிதில் தீப்பற்றவும் செய்யும். இந்தக் கட்டுரை தண்ணீரையும் தைலத்தையும் பற்றியது.

முதலில் வெப்பக் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 70 கிலோகலோரி போதும். அதே தண்ணீரை ஆவியாக மாற்ற இன்னும் 540 கிலோகலோரி வேண்டும். இதில் வெப்பமானி ஒரு டிகிரிகூட ஏறுவதில்லை. அந்த 540-ம் ஆவிக்குள் ஒளிந்துகொள்கிறது. இதைத்தான் பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோம். கொதிநீர் பட்டதைவிட ஆவி பட்ட புண் மோசமாக இருப்பதற்கும் இதுவே காரணம். கண்டென்சர் இந்த 540-ஐயும் பிடுங்கி வெளியே தள்ள வேண்டும். இறங்கிய சுடுநீரை 40 டிகிரிக்கு ஆற்ற மேலும் 60. ஆக, கையில் கிடைக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 600 கிலோகலோரி எங்காவது போயாக வேண்டும்.

தண்ணீரிடம் அதை ஒப்படைத்தால் என்ன ஆகும்? குழாயைச் சுற்றி ஓடும் நீர் 30 டிகிரியில் நுழைந்து 60 டிகிரியில் வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் 30 கிலோகலோரியைச் சுமந்துபோகும். 600-ஐச் சுமக்க 20 லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் சுத்த நீருக்காக 20 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது! கல்லூரி ஆய்வுக்கூடங்களில் கண்ணாடிக் கண்டென்சரிலிருந்து ரப்பர் குழாய் வழியாகத் தொட்டியில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். 2019 கோடையில் பூண்டியும் செம்பரம்பாக்கமும் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த சென்னையில் அப்படி ஒரு வாலையை ஓட்டுவதை நினைத்துப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை.

காற்றுக்கு விலை இல்லை, ஆனால் அதற்குத் தெம்பும் இல்லை. ஒரே கன அளவு எடுத்தால், ஒரு டிகிரி சூடேறத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் வெப்பத்தில் சுமார் 3,500-ல் ஒரு பங்குதான் காற்று வாங்கும். அதே 600 கிலோகலோரியைக் காற்றிடம் கொடுத்து, காற்று 25 டிகிரி சூடேறலாம் என்று விட்டால், ஏறத்தாழ 86 கன மீட்டர் காற்று குழாயைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை இரண்டரையில் உள்ள மொத்தக் காற்று அது.

இன்னொரு கஷ்டமும் உண்டு. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறி. 750 வாட் ஹீட்டர் வைத்த சிறிய வாலையின் ஆவியை, விசிறி ஏதும் இல்லாமல், அறைக்காற்றில் கிடக்கும் அரை அங்குல வெறுங்குழாயால் அடக்க வேண்டுமானால் சுமார் 30 மீட்டர் குழாய் தேவைப்படும். அதே குழாயை ஓடும் நீரில் வைத்தால் இரண்டு, மூன்று அடி போதும். கண்டென்சர் வேலை செய்யும்போது குழாய் நெடுக ஈரத்துணியால் தொட்டுப் பாருங்கள். ஆவி நுழையும் பக்கம் தொட்டதும் சுர்ரென்று துணி காயும். சிறிது தூரம் அதே சூடுதான், குறையவே குறையாது. அங்கேதான் ஆவி தண்ணீராகிக்கொண்டிருக்கிறது. பிறகு ஓரிடத்தில் சூடு சட்டென்று விழும். அந்த இடம்தான் ஆவியின் எல்லை. நீர்க் கண்டென்சரில் அது நுழைவாயில் பக்கமே ஒடுங்கி நிற்கும். காற்றுக் கண்டென்சரில் குழாயின் கடைசி வரை தள்ளிக்கொண்டு வரும். முனையைத் தாண்டிவிட்டால், எடுக்க வேண்டிய நீர் ஆவியாகவே அறைக்குள் போகிறது என்று அர்த்தம்.

30 மீட்டர் குழாயை வீட்டில் யாரும் வைக்க முடியாது. அதனால்தான் குழாயின் வெளிப்புறத்தில் மெல்லிய அலுமினியத் தகடுகளைச் செருகுகிறார்கள். ஃபின் என்பார்கள். காற்று தொடும் பரப்பு பல மடங்காகிறது. அதன்மேல் ஒரு விசிறியும் வீசினால் சமையல் மேடையில் வைக்கும் அளவுக்குக் கருவி சுருங்கிவிடும். ஏசியின் வெளி யூனிட்டில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். கடைகளில் கிடைக்கும் நாலு லிட்டர் வாட்டர் டிஸ்டில்லரின் மூடிக்குள்ளும் இதுவே இருக்கிறது: எவர்சில்வர் சுருள், தகடுகள், விசிறி.

எவர்சில்வரா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். செம்பு அதைவிட இருபத்தைந்து மடங்கு நன்றாக வெப்பம் கடத்துமே, செம்புக் குழாய் போட்டால் என்ன? இந்த இடத்தில் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஆவியிலிருந்து வெளியே போகும் வெப்பம் மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும்: உள்ளே படியும் நீர்ப்படலம், குழாயின் சுவர், வெளியே உள்ள காற்று அல்லது தண்ணீர். எந்த வாசல் மிகக் குறுகலோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். காற்றுக் கண்டென்சரில் குறுகிய வாசல் காற்றுதான். ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வர் சுவர் தரும் தடை அதன் முன் ஒன்றுமே இல்லை. அங்கே செம்பு போட்டாலும் கூடுதலாக ஒரு சொட்டு நீர்கூடக் கிடைக்காது. பேட்டரிக்கு ஊற்றும் நீரில் செம்பு கலப்பது கெடுதலும்கூட. நீர்க் கண்டென்சருக்கு வந்தால் கதை மாறுகிறது. வெளிவாசல் அகலமாகிவிடுவதால் சுவர் என்ன பொருள் என்பது கணக்கில் வருகிறது; அங்கே கண்ணாடிச் சுவர் தண்ணீருக்கு நிகரான தடையாக நிற்கும். கண்ணாடிக்கு வெப்பம் கடத்தும் திறன் அவ்வளவு குறைவு.

ஆய்வுக்கூடங்கள் அப்படியும் கண்ணாடியை விடவில்லை. அது பெரும்பாலான பொருள்களோடு வினைபுரியாது, உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். குழாய்க்குள் குழாயாக, வெளிக்குழாயில் நீர் ஓடும் வடிவத்தை 1771-ல் விவரித்தவர் கிறிஸ்டியன் வைகல் என்ற ஜெர்மானியர். அடுத்த நூற்றாண்டில் அதை ஊரெங்கும் பரப்பிய லீபிக் என்ற வேதியியலாளரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அதில் நீர் கீழிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து விட்டால் வெளிக்குழாய் நிரம்பாமல் ஒருபுறமாக வழிந்து ஓடிவிடும். அதே ஆய்வுக்கூடத்தில், கொதிநிலை சுமார் 140 டிகிரிக்கு மேல் உள்ள திரவங்களுக்கு நீரை நிறுத்திவிட்டு வெறும் காற்றுக் குழாயை மாட்டுவார்கள். உள்ளே அவ்வளவு சூடும் வெளியே குளிர்நீரும் இருந்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். சூடு மிக அதிகமாக இருக்கும்போது காற்றே போதுமானதாகவும் ஆகிவிடுகிறது.

வீட்டில் சுத்த நீர் எடுப்பவருக்குக் காற்றுதான் சரி. மின்சாரம் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் யூனிட். அது எந்தக் கண்டென்சரானாலும் மாறாது. விசிறியின் செலவு அற்பம். காற்றுக் கண்டென்சரின் மந்தத்திலும் ஒரு நன்மை இருக்கிறது. குழாய்நீரில் குளோரின் போட்டதால் உண்டாகும் குளோரோஃபார்ம் போன்றவை தண்ணீருக்கு முன்பே ஆவியாகிவிடும். சுருள் சூடாக இருப்பதால் அவை திரும்பக் கரையாமல், மூடியில் விட்டிருக்கும் சிறு துளை வழியாகப் பெருமளவு வெளியேறிவிடுகின்றன. அந்தத் துளையைச் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தகடுகளில் தூசு படிந்தாலும் நீர் குறையும். மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். இன்னொன்று: ஹீட்டரின் 750 வாட்டும் கடைசியில் அறைக்காற்றில்தான் போய்ச் சேருகிறது. ஏசி ஓடும் அறையில் இதை வைத்தால் சூடாக்க ஒரு முறையும், அந்தச் சூட்டை வெளியேற்ற இன்னொரு முறையும் மின்கட்டணம் கட்டுகிறீர்கள். பால்கனியிலோ ஜன்னலோரத்திலோ வையுங்கள்.

தைலத்துக்கு வந்தால் என் தீர்ப்பு தலைகீழ். தைலத்தின் மதிப்பே பறந்துபோகக்கூடிய வாசனைதான். வடிநீர் சூடாக இறங்கினால் வாசனை அறைக்குப் போகும், புட்டியில் தங்காது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அத்தர் இறக்குபவர்கள் இதை நன்கறிவார்கள். டேக் எனப்படும் செம்பு அண்டாவில் பூவும் நீரும் கொதிக்கும். களிமண் பூசி அடைத்த மூடியிலிருந்து, கயிறு சுற்றிய மூங்கில் குழாய் ஒன்று கீழே இறங்கும். அதன் முனை பப்கா என்ற நீண்ட கழுத்துள்ள செம்புக் குடத்துக்குள் போகிறது. குடத்துக்குள் சந்தன எண்ணெய், குடத்தைச் சுற்றித் தொட்டித் தண்ணீர். அங்கே குடமே கண்டென்சர். காய்ச்சுபவர் தண்ணீருக்குள் கைவிட்டுக் குடத்தைத் தடவிப் பார்ப்பார். தொட்டி சூடேறியதும் தண்ணீரை மாற்றுவார், அடுப்பைத் தணிப்பார். வெப்பமானி கிடையாது; உள்ளங்கைதான் கருவி. இந்தக் கைத்திறமையை நான் எந்த இயந்திரத்துக்கும் குறைவாக மதிக்க மாட்டேன்.

நம் நீலகிரியில் யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சும் கொட்டகைகளிலும் ஆவிக்குழாய் தண்ணீருக்குள்தான் போகிறது. வடிந்த நீரின்மேல் தைலம் மிதக்க, அதைப் பிரித்தெடுக்கிறார்கள். மலையின் குளிர்ந்த தண்ணீர் அவர்களுக்கு இயற்கை தந்த அனுகூலம். ஆனால் எல்லாத் தைலத்துக்கும் குளிர்ச்சி கூடக்கூட நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. சோம்பு எண்ணெயின் முக்கியக் கூறான அனெத்தோல் சுமார் 21 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். ஐஸ் போட்ட நீரை ஓடவிட்டால் குழாயின் உட்புறம் மெழுகு போலப் படிந்து அடைத்துக்கொள்ளும். பின்னால் ஆவியின் அழுத்தம் ஏறும்.

வீட்டில் சிறு அளவில் தைலம் எடுப்பவர் 20 லிட்டரைக் கொட்ட வேண்டியதில்லை. பக்கெட்டில் ஒரு சிறிய பம்பு வைத்து, அதே தண்ணீரைச் சுற்றவிடலாம். 20 லிட்டர் பக்கெட், ஒரு லிட்டர் வடிப்பதற்குள் 30 டிகிரியிலிருந்து 60-க்கு ஏறிவிடும். பெரிய டிரம்மாக இருந்தால் அந்த ஏற்றம் மெதுவாகும். போர்வெல் நீரின் உப்பு சூட்டில் குழாயின் வெளிப்புறம் வெள்ளையாகப் படியும். அதை வினிகரால் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே நான்காவது வாசலாகிவிடும்.

காற்றா, தண்ணீரா என்ற கேள்வி மின்நிலையங்களுக்கும் உண்டு. நெய்வேலியில் அனல்மின் நிலையத்தின் ஆவியை ஆற்றும் நீரைப் பெரிய குளிர்விக்கும் கோபுரங்களில் சுழலவிடுகிறார்கள். தண்ணீரை மிச்சப்படுத்த ஜார்க்கண்டின் வடக்கு கரன்புராவில் காற்றுக் கண்டென்சரே வைத்திருக்கிறார்கள். அதன் விசிறிகள் தின்னும் மின்சாரமும், கோடைப் பகலில் குறையும் உற்பத்தியும் அதற்குக் கொடுக்கும் விலை.

வீட்டுக்குத் திரும்பினால், குளிர்ச்சியைவிட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று உண்டு: கரண்ட் போனால் என்ன ஆகும்? மின்சார டிஸ்டில்லரில் ஹீட்டரும் விசிறியும் ஒன்றாக நின்றுவிடும், ஆபத்தில்லை. கேஸ் அடுப்பில் பாத்திரத்தை வைத்து, பம்பை மட்டும் மின்சாரத்தில் ஓட்டினால், பம்பு நிற்கும், அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். சில நிமிடங்களில் நூறு டிகிரி ஆவி நேராக அறைக்குள் பாயும். அந்த அமைப்பை வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குக்கூடப் போகாதீர்கள். முடிந்தால் கேஸை விட்டுவிட்டு, பம்பும் மின்அடுப்பும் ஒரே பிளக்கில் ஓடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் சுமையையும் தாங்கும் பிளக்காக அது இருக்கட்டும். காற்றானாலும் தண்ணீரானாலும், வடிநீர் இறங்கும் முனையை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். மூடிய வாலை வெடிக்கும்.