பழனிமலையின் கண்ணகி

கண்ணகி என்றதும் மதுரைதான் நினைவுக்கு வரும். கையில் ஒற்றைச் சிலம்பு, அவிழ்ந்த கூந்தல், பற்றி எரியும் நகரம். ஆனால் அதே பெயரில் தமிழில் இன்னொருத்தி இருக்கிறாள். அவள் புகாரில் பிறந்த வணிகர் மகள் இல்லை; பழனிமலைச் சீமையின் அரசி. எதையும் எரிக்கவில்லை. கணவன் வராத வீட்டில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்காக நான்கு பெரும்புலவர்கள் மலை ஏறிப்போய் ஒரு மன்னனிடம் வாதாடினார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாட்டுகளும் அந்த வழக்குதான்.

மன்னன் வேறு யாருமில்லை, மயிலுக்குப் போர்வை கொடுத்த வையாவிக் கோப்பெரும் பேகன். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வள்ளல். இன்றைய பழனிக்கு அன்று பொதினி என்று பெயர். அகநானூற்றின் முதல் பாட்டிலேயே மாமூலனார் அதை ஆவியின் ஊராகச் சொல்கிறார். பழனி அடிவாரத்துத் திருவாவினன்குடியிலும் வையாபுரிக் குளத்திலும் அந்த ஆவியர் குடியின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்வார்கள். ஊருக்குத் தெற்கே சுவர்போல எழும் தொடரின் உச்சியில், ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் இருக்கிறது. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்குத் தப்பி அங்கே பங்களா கட்டியதிலிருந்துதான் அதன் வரலாற்றைத் தொடங்குவது நம் வழக்கம். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த மலைக்குப் பாட்டும் அரசனும், மனம் நொந்த ஓர் அரசியும் இருந்தார்கள்.

பேகனைப் பற்றிப் பரணர் சொன்ன ஒரு கணிப்பு ரசமானது. வற்றிய குளத்திலும் பெய்யும், வயலிலும் பெய்யும், உவர்நிலத்திலும் பெய்யும் மழைபோல, யாருக்கு எவ்வளவு என்று பார்க்காமல் கொடுப்பானாம். கொடுப்பதில் மடமை உண்டு, போரில் மடமை இல்லை என்று தீர்ப்பும் சொல்கிறார். மயில் தோகை விரித்துச் சிலிர்ப்பது பெடைக்காக; குளிர் தாங்காமல் என்று நினைத்துப் போர்வையை எடுத்துக் கொடுத்தவனுக்கு இந்தச் சான்றிதழ் பொருத்தம்தான். பறவையின் நடுக்கம் புரிந்தவனுக்கு வீட்டில் நடப்பது புரியவில்லை. கொடைமடத்தோடு அவனிடம் ஒரு மனைமடமும் இருந்தது.

இதெல்லாம் புலவர்கள் கட்டிய கற்பனைச் சீமை என்று தள்ளிவிட முடியாது. கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடியிலும், பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரப் பொருந்தலிலும் தொல்லியலாளர் கா. ராஜன் அகழாய்வு செய்திருக்கிறார். பொருந்தலில் ஓர் ஈமக்குழியில், நான்கு கால் வைத்த ஜாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது கி.மு. 490 என்று காலம் வந்தது. அதே குழியில் கிடைத்த பானைத் தாங்கியில் தமிழ் பிராமி எழுத்தில் ‘வய்ர’ என்று கீறியிருக்கிறது. எழுத்தின் காலத்தைப் பற்றி அறிஞர்களுக்குள் சண்டை ஓயவில்லை. நமக்கு வேண்டியது, தன்னுடையது என்று பெயர் கீறி வைக்கும் பழக்கம் இந்த அடிவாரத்தில் பழசு என்பது.

பேகன் மனைவியின் பெயரோ பானையிலும் இல்லை, பாட்டிலும் இல்லை. ஐந்து பாட்டையும் வரி வரியாகத் தேடினாலும் ‘கண்ணகி’ என்ற சொல் கிடைக்காது. பாட்டுக்குக் கீழே, இன்னாரை இன்னார் எதற்காகப் பாடியது என்று தொகுத்தவர் எழுதிவைத்த அடிக்குறிப்பில்தான் அது இருக்கிறது: பேகன் துறந்த மனைவி கண்ணகி காரணமாகப் பாடியது என்று. அந்தக் குறிப்பு எழுதிய கை யாருடையதோ, அது ஒரு வரி சோம்பியிருந்தால் நமக்கு இந்தப் பெயர் போயிருக்கும்.

பாட்டுகளுக்கு வருவோம். கபிலர் நேரடியாகக் குற்றம் சாட்டுவதில்லை. முதலில் மலைக் குறவர்களைக் காட்டுகிறார்: மழை வேண்டும் என்று கடவுளுக்குப் பலியிடுகிறார்கள், மழை மிஞ்சியதும் போதும் என்று மறுபடி வேண்டுகிறார்கள், பின் மகிழ்ந்து புனத்தில் விளைந்த தினையை உண்கிறார்கள். பிறகு, நேற்று உன் அருவி ஒலிக்கும் சிற்றூரில் உன்னையும் உன் மலையையும் பாடிக்கொண்டு நின்றேன், ஒருத்தி குழல் அழுவதுபோல அழுதாள், யார் அவள், பாவம், என்று கேட்டு நிறுத்துகிறார். யார் என்று அவருக்குத் தெரியும். பேகனுக்கும் தெரியும். தெரியாததுபோல் கேட்பதில்தான் அடி விழுகிறது.

பரணருக்கு அந்தப் பொறுமை இல்லை. நீ இரங்காதது கொடுமை என்றே தொடங்குகிறார். மாலையில் யாழ் மீட்டிப் பேகனின் காட்டைப் பாடியபோது அவள் கலங்கினாளாம். எங்கள் நண்பனுக்கு நீ உறவா என்று புலவர் கேட்க, விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்ன பதிலை அப்படியே மன்னனிடம் ஒப்பிக்கிறார்: உறவெல்லாம் இல்லை, என்னைப்போலவே இன்னொருத்தியின் அழகை விரும்பி, முல்லை வேலி சூழ்ந்த ஊருக்குத் தேர் ஒலிக்க அவர் நாள்தோறும் போகிறாராம். கணவனைப் பற்றி ஊர் சொல்வதாகச் சொல்லும் இந்தப் பேச்சில் இருக்கும் குத்தல், இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் மழுங்கவில்லை. ஐந்து பாட்டிலும் கண்ணகி வாய்திறக்கும் ஒரே இடம் இது.

அடுத்த பாட்டில் அதே பரணர் மயிலை எடுத்து மன்னன் முகத்தில் வீசுகிறார். மயிலுக்கே இரங்கியவனே, நாங்கள் பசித்து வரவில்லை, தாங்கவேண்டிய சுற்றமும் இல்லை, எங்களுக்குப் பரிசு இதுதான்: இன்றிரவே தேர் ஏறி அவள் துயரைத் தீர். அரிசில் கிழார் நகையும் பொன்னும் வேண்டாம் என்று திருப்பிவிடுகிறார். பல மலைகளைத் தாண்டிவந்த பெருங்குன்றூர் கிழாரும், அவள் மறுபடி பூச் சூடும்படி நீ புறப்படுவதே எங்களுக்குப் பரிசு என்கிறார். புலவர்களுக்குப் பரிசில்தான் பிழைப்பு. பாடிப் பரிசு வாங்கும் கூட்டத்தில் நான்கு பேர் ஒரே பெண்ணுக்காகப் பரிசை மறுத்தது சின்ன விஷயமில்லை. பேகன் போனானா, இல்லையா என்பதைப் பாட்டுகள் சொல்லவில்லை.

பெயருக்கு என்ன பொருள்? கண்ணால் நகுபவள், கண்ணில் சிரிப்பு உள்ளவள் என்று ‘கண்’ணையும் ‘நகை’யையும் சேர்த்துச் சொல்வதுதான் பரவலான விளக்கம். அழகான விளக்கம்தான். எனக்கு இன்னொரு பக்கமும் சாய்வு உண்டு. சங்கப் புலவர்களில் கண்ணகனார் என்று ஒருவர் இருக்கிறார். கோப்பெருஞ்சோழனோடு பிசிராந்தையார் வடக்கிருந்து உயிர்விட்டதைப் பார்த்து, பொன்னும் முத்தும் தனித்தனி இடத்தில் பிறந்தாலும் ஒரே மாலையில் சேர்வதைப்போலச் சான்றோர் சேர்வார்கள் என்று பாடியவர். கண்ணகன் ஆண்பெயர் என்றால் கண்ணகி அதன் பெண்பெயராக இருக்கலாம் அல்லவா? கண்ணகன்ற நிலம் என்றால் பரந்த நிலம். அப்படிப் பார்த்தால் கண்ணகி பரந்த நெஞ்சுக்காரி. எப்படிக் கொண்டாலும் பொருளில் கோபம் இல்லை, நெருப்பு இல்லை. பெயரில் அதை ஏற்றியது கதை.

அந்தக் கதையும் விசித்திரமானது. நற்றிணை 216-ஆம் பாட்டில், அயலான் ஒருவன் தந்த துயரத்தால் ஒரு முலையை அறுத்துக்கொண்ட பெண் வருகிறாள். வேங்கை மரமும் வருகிறது. ஆனால் அவள் பெயர் திருமாவுண்ணி. ஆக, கதை ஒரு பெயரோடு வழங்கிக்கொண்டிருக்க, கண்ணகி என்ற பெயர் பழனிமலையில் வேறொரு கதையோடு இருந்தது. கணவன் இன்னொருத்தியிடம் போன பெண் என்ற ஒற்றுமை இரண்டுக்கும் நடுவில் பாலம் போட்டிருக்கலாம். சிலப்பதிகாரம் இரண்டையும் ஒன்றாக்கியது என்பதே என் ஊகம். இரண்டு பெண்ணும் ஒருத்தியே என்று வாதிடுபவர்களும் உண்டு. பேகனையும் கோவலனையும் ஒரே ஆளாக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது: மதுரையை எரித்த கண்ணகியும் கடைசியில் மலையேறி, வேங்கை மர நிழலில் குறவர்கள் கண்முன் நிற்கிறாள்.

உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892-லும் புறநானூற்றை 1894-லும் அச்சேற்றினார். இரண்டு கண்ணகிகளும் இரண்டே ஆண்டு இடைவெளியில் அச்சுக்கு வந்தும், ஒருத்தியின் வெளிச்சத்தில் மற்றவள் மறைந்துபோனாள். 1942-ல் ஜூபிடர் பிக்சர்ஸின் ‘கண்ணகி’யில் கண்ணாம்பா பேசிய வசனத்தைக் கேட்கத் தமிழ்நாடு திரண்டது. ம.பொ.சி. ஊர் ஊராகச் சிலம்பைப் பேசியதோடு நிற்காமல் தம் மகள்களுக்குக் கண்ணகி, மாதவி என்றே பெயர் வைத்தார். இருவரையும் சமமாக வீட்டுக்குள் அழைத்த அந்த மனம் பெரிது. பெரியாரோ சிலப்பதிகாரத்தையே சாடினார். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது கண்ணகி மெரினாவில் சிலையானாள். 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, 2006 ஜூன் 3-ல் திரும்பி வந்தாள்.

இத்தனை புகழும் தொட்டிலுக்கு வந்து சேரவில்லை. வாழ்க்கை கெட்டுப்போனவள் பெயர் எதற்கு என்று பாட்டிமார் தடுத்தார்கள். எதிர்த்துப் பேசும் பெண்ணைப் பார்த்து ‘வந்துட்டா பெரிய கண்ணகி’ என்று சொல்லிச் சொல்லி, பெயரையே வசவாக்கினோம். ஈழத்தில் நிலைமை வேறு: அங்கே அவள் வற்றாப்பளையிலும் மட்டக்களப்பு ஊர்களிலும் அம்மன். வைகாசியில் அவள் சினம் தணியக் குளிர்த்திச் சடங்கு செய்கிறார்கள். சிங்களவருக்கு அவள் பத்தினித் தெய்வம். சாமி பெயரைச் சூட்டுவதில் தமிழருக்குத் தயக்கமே கிடையாது. மாரியும் காளியும் தெருவுக்கு நாலு பேர். கண்ணகிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. மாதவிகள் எண்ணிக்கையில் முந்திவிட்டார்கள். அது திருமாலோடு சேர்ந்த பெயராகவும் இருப்பதால் தெலுங்கரும் மலையாளிகளும்கூட வைக்கிறார்கள்.

பெண்ணுக்கு வைக்கத் தயங்கிய பெயரைக் குடியிருப்புக்கு வைத்தோம். சென்னையின் கரையோரங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களைக் கொண்டுபோய் அமர்த்திய இடம் கண்ணகி நகர். வேலை கேட்கப் போகும்போது அந்த முகவரியைச் சொல்லவே அங்குள்ளவர்கள் தயங்கிய காலம் இருந்தது. 2025-ல் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் அந்நகரின் கபடி வீராங்கனை ஒருவர் தங்கம் வென்றபோது, ஊர்ப் பெயரை முன்னால் போட்டே ஊடகங்கள் அவரை அழைத்தன.

கொடைக்கானலில் பெண்ணுக்கு மலைப்பெயர் வைக்க விரும்புகிறவர்கள் குறிஞ்சி என்று வைக்கலாம். நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்தது 2030. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது; விளக்கம் சொல்லத் தேவையில்லாத பெயர். இப்போது சங்கப் பெயர்களுக்கு ஒரு மவுசும் வந்திருக்கிறது. ஆனால் அதில் பங்குபோட்டதில் பெண்கள் ஏமாந்தார்கள். பாரி மகளிராகச் சொல்லப்படும் அங்கவை, சங்கவை இருவரையும் 2007-ல் ‘சிவாஜி’ படம் கேலிப்பொருளாக்கியது. அதன்பின் எந்தத் தகப்பனுக்குத் துணிவு வரும்? ஆண்பிள்ளைகளுக்கோ பாரியும் அதியனும் தாராளம். கபிலன் என்ற பெயர் பள்ளி வருகைப் பதிவேட்டில் இன்று சர்வசாதாரணம். அந்தக் கபிலர் யாருக்காகப் பேகன் வாசலில் போய் நின்றாரோ, அவள் பெயரை அதே பதிவேட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும்.