கைக்கு ஏற்ற பிடி

கோல்ஃப் என்றதும் வசதி படைத்த ஆண்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணமே நம்மில் பலருக்கு எழுகின்றது. கொழும்பிலும் நுவரெலியாவிலும் பிரித்தானியர் விட்டுச்சென்ற ஆட்டம் அது. அவர்களுடைய நாட்டிலேயே பெண்களுக்கு அது எளிதில் கிடைக்கவில்லை. ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரில் 1867இல் பெண்களுக்கென ஒரு கழகம் அமைந்தபோதும், குழிக்கருகே பந்தை மெல்லத் தட்டிவிடுவது மட்டுமே அவர்களுக்கு விடப்பட்டது. தோளுக்கு மேலே மட்டையை உயர்த்தி வீசுவது பெண்ணுக்கு அழகல்ல என்று அக்காலச் சமூகம் கருதியது.

அந்தத் தடை நீங்கிவிட்டது. 1950இல் அமெரிக்காவில் 13 பெண்கள் சேர்ந்து தமக்கெனத் தொழில்முறைச் சங்கமே நிறுவினார்கள். ஆனாலும், கணவருடைய அல்லது சகோதரருடைய மட்டையையே எடுத்து ஆடத் தொடங்கும் பெண்கள் உண்டு. ஆணின் கைக்கு அளவான அந்தப் பிடியால் முதலில் துன்பப்படுவது மணிக்கட்டே. பின்வரும் குறிப்புகள் வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கானவை. இடக்கைப் பழக்கமுள்ளோர் இவற்றை மாற்றிக்கொள்ளவும்.

பிடியின் தடிப்பு

கைபிடியைச் சுற்றியுள்ள இறப்பர் உறை பல தடிப்புகளில் கிடைக்கின்றது. இடது கையால் பிடித்து விரல்களை மூடிப் பாருங்கள். நடுவிரலும் மோதிரவிரலும் பெருவிரலின் அடிச்சதையை மெல்லத் தொட்டால் அதுவே உங்கள் அளவு. தொடாவிட்டால் கைபிடி தடிப்பானது. மணிக்கட்டு இலகுவாக மடியாது. விரல்கள் சதைக்குள் அழுந்தினால் அது மெல்லியது. மட்டை வழுகுமோ என்று இறுக்கிப் பிடிப்போம். அந்த இறுக்கம் மணிக்கட்டையும் முழங்கையையும் நோகச் செய்யும்.

உள்ளங்கையில் அல்ல, விரல்களில்

கைபிடியை உள்ளங்கைக்குள் அழுத்திப் பிடிப்பது பலர் செய்யும் பிழை. அது சுட்டுவிரலின் நடுப்பகுதியிலிருந்து சுண்டுவிரலின் அடிவரை சரிவாகக் கிடக்கவேண்டும். அப்போதுதான் மணிக்கட்டு தாராளமாக மடியும். கைபிடியின் நுனி உள்ளங்கையில் முட்டியிருக்க, மட்டை நிலத்தில் பலமாக மோதினால், சுண்டுவிரல் பக்கமுள்ள மணிக்கட்டு எலும்பொன்றின் கொக்கி போன்ற பகுதி முறியவும் கூடும்.

கணுக்களை எண்ணுங்கள்

பிடித்தபின் குனிந்து இடது புறங்கையைப் பாருங்கள். இரண்டு விரற்கணுக்கள் தெரிந்தால் நடுநிலைப் பிடி. மூன்று, நான்கு தெரிந்தால் கை வலப்பக்கம் அதிகம் திரும்பியுள்ளது. மணிக்கட்டு புறங்கைப் பக்கமாகக் குழிந்திருக்கும். அடிக்கும்போது அது நேராகி, மட்டையின் முகம் மூடிக்கொள்ள, பந்து இடப்பக்கம் போகும். ஒரு கணுவே தெரிந்தால் முகம் திறந்து பந்து வலப்பக்கம் போகும். இதைச் சமாளிக்க, அடிக்கும் கணத்தில் மணிக்கட்டைத் திருகுவோர் பலர். திருத்தவேண்டியது பிடியையே.

இரு கைகளையும் இணைப்பதிலும் தெரிவு உண்டு. வலது சுண்டுவிரலை இடது கையின் மேல் வைக்கும் முறை நீண்ட விரல்களுக்கு வசதி. சிறிய கையுள்ளோர் அதனை இடது சுட்டுவிரலுடன் கோத்துக்கொள்ளலாம். மூட்டுவாதம் உள்ளோரும் கைப்பலம் குறைந்தோரும் பத்து விரல்களாலும் பிடிக்கலாம்.

தென்கொரிய வீராங்கனை இன்பீ பார்க் மணிக்கட்டை மிகக் குறைவாகவே மடித்து ஆடுபவர். 2016இல் இடது பெருவிரல் காயத்தால் பெரிய போட்டிகளைத் தவறவிட்ட அவர், அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஆகவே, எல்லோரும் ஒரே விதமாக ஆடவேண்டும் என்ற சட்டமில்லை. உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை இந்த ஆட்டத்தைப் பழக விரும்பினால், முதலில் அவள் கையை அளந்து மட்டையைத் தெரிவு செய்யுங்கள். மணிக்கட்டு வலி தொடர்ந்தால், "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாமல் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.